புண்டஸ்லிகாவும் அதற்குக் கீழே உள்ள உலகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வழியாகக் கால்பந்துக்குள் வந்தவர்கள் ஜெர்மன் லீக்கைப் பார்க்கத் தொடங்கியதும் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஓடுவது ஒரே விஷயம்: அங்கே கிளப் யாருக்குச் சொந்தம் என்பது. 2024–25 சீசன் முடிந்தபோது இருந்த நிலவரப்படி பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

மொத்தம் எத்தனை அடுக்குகள்?

நாடு முழுவதற்கும் பொதுவானவை மேலே உள்ள மூன்றுதான். புண்டஸ்லிகாவில் 18 அணிகள், இரண்டாம் புண்டஸ்லிகாவில் 18, மூன்றாம் லிகாவில் 20. நான்காவது அடுக்கான ரீஜியோனல்லிகா ஐந்து பிரிவுகளாக உடைகிறது: வடக்கு, வடகிழக்கு, மேற்கு, தென்மேற்கு, பவேரியா. ஐந்தாவது ஓபர்லிகா, 14 பிரிவுகள். அதற்கும் கீழே மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று இறங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடும் கிராமத்து அணிகள் வரை போகும்.

மேல் இரண்டு லீக்குகளை நடத்துவது டிஎஃப்எல் என்ற அமைப்பு. மற்றவை டிஎஃப்பி எனப்படும் ஜெர்மன் கால்பந்து சங்கத்தின் கீழும் அதன் வட்டாரச் சங்கங்களின் கீழும் வருகின்றன. டிஎஃப்பி 1900இல் லைப்சிக் நகரில் தொடங்கப்பட்டது.

ஏறுவதும் இறங்குவதும் எப்படி?

புண்டஸ்லிகாவில் கடைசி இரண்டு அணிகள் நேராக இறங்கும். கீழே முதல் இரண்டு நேராக ஏறும். 16ஆம் இடத்தில் முடிப்பவரும் இரண்டாம் புண்டஸ்லிகாவில் மூன்றாமவரும் இரண்டு ஆட்டங்கள் மோதிக்கொள்வார்கள். இதில் மேலே இருந்த அணிதான் பெரும்பாலும் தப்பிக்கும். 2025இல் எல்வர்ஸ்பெர்க் என்ற சின்னஞ்சிறு ஊரின் அணி முதல்முறையாக மேலே வரப் பார்த்தது. இரண்டாவது ஆட்டத்தின் 95ஆம் நிமிடத்தில் ஹைடன்ஹைம் அடித்த கோலில், இரு ஆட்டங்களும் சேர்த்து 4–3 என்று கனவு கலைந்தது.

நான்காவது அடுக்கில்தான் சிக்கல். பிரிவுகள் ஐந்து, மூன்றாம் லிகாவில் காலியாகும் இடங்களோ நான்கு. மேற்கு, தென்மேற்குச் சாம்பியன்கள் எப்போதும் நேராக ஏறுகிறார்கள். மற்ற மூவரில் ஒருவருக்குச் சுழற்சி முறையில் நேரடி இடம். மீதி இருவரும் பிளே ஆஃப் ஆட வேண்டும். வருடம் முழுக்க ஆடி லீக்கை வென்றும் ஒரு சாம்பியன் அதே இடத்தில் நிற்கிறார். கிழக்கு ஜெர்மானிய கிளப்புகள் பல வருடங்களாக இதை எதிர்த்துக் குரல் கொடுக்கின்றன. எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

புண்டஸ்லிகா 1963இல்தான் தொடங்கியதா? அதற்கு முன்?

சாம்பியன் பட்டம் 1903 முதலே உண்டு. முதல் இறுதியில் லைப்சிக் நகரின் விஎஃப்பி, பிராகிலிருந்து வந்த டிஎஃப்சி அணியை 7–2 என்று வென்றது. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே லீக் கிடையாது. வட்டார லீக்குகளில் ஜெயித்தவர்கள் ஆண்டின் கடைசியில் மோதிப் பட்டத்தைத் தீர்மானிப்பார்கள். வீரர்களுக்கு முழுநேரச் சம்பளம் என்பதையே சங்கத்தின் பெரியவர்கள் நெடுங்காலம் ஏற்கவில்லை. நல்ல வீரர்கள் இத்தாலிக்குப் போகத் தொடங்கினார்கள். கடைசியில் 1962 ஜூலையில் டார்ட்மண்டில் கூடிய டிஎஃப்பி மாநாடு தேசிய லீக்குக்குத் தலையாட்டியது.

1963 ஆகஸ்ட் 24 அன்று 16 அணிகளுடன் முதல் சுற்று. டார்ட்மண்டின் டிமோ கோனியட்ஸ்கா முதல் நிமிடத்திலேயே முதல் கோலைப் போட்டார். அந்தக் கோலுக்குப் படம் இல்லை. புகைப்படக்காரர்கள் எல்லோரும் எதிர்ப் பக்கக் கோலுக்கு அருகில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் சீசனில் பேயர்ன் மியூனிக் இல்லை என்பது உண்மையா?

உண்மை. மியூனிக்கிலிருந்து இடம்பிடித்தது 1860 மியூனிக். அந்த வருடம் தெற்கு வட்டாரச் சாம்பியன் அவர்கள்தான். ஒரே நகருக்கு இரண்டு இடம் கொடுக்க அமைப்பாளர்களுக்கு மனமில்லை. பேயர்ன் 1965இல், மொன்சென்கிளாட்பாக்குடன் சேர்ந்து மேலே வந்தது. 1860 அணி 1966இல் பட்டமே வென்றது. பிறகு நடந்ததைக் கீழே பாருங்கள்.

50+1 என்று சொல்கிறார்களே, அது என்ன?

1998 வரை ஜெர்மனியில் தொழில்முறை கிளப் என்பது பதிவு செய்யப்பட்ட சங்கம் மட்டுமே. நம் ஊர் மன்றம்போல உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள், பொதுக்குழு கூடும், தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அந்த வருடம்தான் கால்பந்துப் பிரிவை மட்டும் தனியாகப் பிரித்து நிறுவனமாக்கலாம் என்று டிஎஃப்பி அனுமதித்தது. கூடவே ஒரு பூட்டும் போட்டது: அந்த நிறுவனத்தின் வாக்குரிமையில் பாதியும் அதற்கு மேல் ஒரு வாக்கும் தாய்ச் சங்கத்திடமே இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது, இது பணத்துக்கான வரம்பு இல்லை, வாக்குக்கான வரம்பு. போருசியா டார்ட்மண்ட் 2000ஆம் ஆண்டிலேயே பங்குச் சந்தைக்குப் போய்விட்டது. அதன் பங்குகளில் பெரும்பகுதி வெளியாட்களிடம்தான் இருக்கிறது. ஆனால் நிர்வாகத்தை நடத்தும் உரிமை முழுக்கச் சங்கத்துக்குச் சொந்தமான வேறொரு சிறு நிறுவனத்திடம். பேயர்ன் மியூனிக்கில் 75 சதவீதம் சங்கத்திடம். அடிடாஸ், ஆடி, அலியான்ஸ் ஆகிய நிறுவனங்கள் மூன்றுக்கும் ஆளுக்கு 8.33 சதவீதம். ஃபிரைபுர்க், ஷால்க போன்றவை நிறுவனமாகப் பிரியாமல் பழைய சங்கமாகவே நீடிக்கின்றன.

இதனால் நடைமுறையில் என்ன வித்தியாசம்? ஒரு உதாரணம். கத்தார் விமான நிறுவனத்தின் விளம்பர ஒப்பந்தத்தை எதிர்த்து பேயர்ன் உறுப்பினர்கள் 2021 நவம்பர் பொதுக்குழுவில் மேடையில் இருந்தவர்களைத் திணறடித்தார்கள். கூட்டம் கூச்சலில்தான் முடிந்தது. 2023இல் அந்த ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. உறுப்பினர்கள் கத்தியதால் மட்டுமே அது நின்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கத்துவதற்கு ஒரு அரங்கமும், அடுத்த தேர்தலில் வாக்கும் இருந்தன. இங்கிலாந்து ரசிகருக்கு மிஞ்சுவது மைதானத்துக்கு வெளியே பதாகை பிடிப்பதுதான்.

அப்படியானால் லெவர்குசன், வொல்ஃப்ஸ்பர்க் எப்படி நிறுவனங்களுக்குச் சொந்தமாக இருக்கின்றன?

விதிவிலக்கு. 20 வருடங்களுக்கு மேல் தொடர்ந்து ஒரு கிளப்பைத் தாங்கி வந்தவர்களுக்கு அது கிடைத்தது. லெவர்குசன் கிளப் 1904இல் பேயர் மருந்து நிறுவனத்தின் தொழிலாளர்கள் தொடங்கியது. வொல்ஃப்ஸ்பர்க் என்ற ஊரே வோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்காக எழுந்தது. இவற்றில் நிறுவனம் வெளியிலிருந்து வந்து வாங்கவில்லை. கிளப்பே தொழிற்சாலைக்குள்ளிருந்து முளைத்தது. இந்த வாதத்தில் ஓரளவு அர்த்தம் உண்டு.

மூன்றாவது ஹோஃபன்ஹைம். சுமார் 3,000 பேர் வசிக்கும் கிராமம். அந்தக் கிளப்பில் சிறுவயதில் ஆடிய டீட்மர் ஹொப், பிற்காலத்தில் எஸ்ஏபி மென்பொருள் நிறுவனத்தை இணைந்து நிறுவிப் பெரும் கோடீஸ்வரரானார். அவர் பணத்தில் அணி 2008இல் புண்டஸ்லிகாவுக்கு வந்தது. 2015இல் விதிவிலக்கும் கிடைத்தது. எதிரணி ரசிகர்கள் அவரைப் பல ஆண்டுகள் விடாமல் வசைபாடினார்கள். 2023இல் பெரும்பான்மை வாக்குரிமையைத் தானாகவே சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜெர்மனியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 50+1 பற்றி 2025 ஜூனில் ஏறக்குறைய இப்படிச் சொன்னது: விதி இருக்கலாம், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எனவே மீதி இரண்டு விதிவிலக்குகளின் நாட்களும் எண்ணப்படுகின்றன என்றே தோன்றுகிறது.

ஆர்பி லைப்சிக் மீது ஏன் இவ்வளவு வெறுப்பு?

விதியை உடைக்காமலே அதை அர்த்தமற்றதாக்கியதால். 2009இல் ரெட் புல் நிறுவனம், லைப்சிக் அருகே மார்க்ரான்ஷ்டெட் என்ற சிறிய கிளப் ஐந்தாம் அடுக்கில் வைத்திருந்த இடத்தைப் பெற்றுக்கொண்டது. கிளப்பின் பெயரில் நிறுவனப் பெயர் வரக் கூடாது. அதனால் ‘புல்தரைப் பந்து விளையாட்டு’ என்று பொருள்படும் விசித்திரமான பெயரை வைத்தார்கள், சுருக்கினால் ஆர்பி. சங்கமும் உண்டு, உறுப்பினர்களும் உண்டு. ஆனால் வாக்குரிமை உள்ளவர்களை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அவர்களில் பெரும்பாலோர் நிறுவனத்துக்கு நெருக்கமானவர்கள்.

ஏழே வருடங்களில், 2016இல், புண்டஸ்லிகாவுக்கு வந்தார்கள். அந்த ஆகஸ்டில் டிரெஸ்டன் நகரில் நடந்த ஜெர்மன் கோப்பை ஆட்டத்தில் உள்ளூர் ரசிகர்கள் வெட்டிய காளைத் தலை ஒன்றை மைதானத்தின் ஓரத்தில் வீசினார்கள். அது அருவருப்பான செயல், நியாயப்படுத்த முடியாது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: இளம் வீரர்களைக் கண்டுபிடித்து வளர்ப்பதில் லைப்சிக் கெட்டிக்கார கிளப். 2022, 2023 கோப்பைகளை வென்றது. கிழக்கு ஜெர்மனியின் பெரிய நகரம் ஒன்றுக்கு மேல்மட்டக் கால்பந்து திரும்பக் கிடைத்ததும் அவர்களால்தான். லைப்சிக்காரர்கள் குடும்பத்தோடு மைதானத்துக்குப் போகிறார்கள். மற்ற ஊர்க்காரர்களின் கோபம் அவர்களுக்குப் புரிவதில்லை.

2024இல் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்து எறிந்தார்களே, எதற்காக?

2023 டிசம்பரில், லீக்கின் ஊடக வருமானத்தில் 8 சதவீதத்தை 20 வருடங்களுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து, பதிலுக்கு நூறு கோடி யூரோ வரை வாங்கலாம் என்று டிஎஃப்எல் முன்மொழிந்தது. மொத்தம் 36 கிளப்புகள்; மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 வாக்குகள் வேண்டும். சரியாக 24 விழுந்தது. ரகசிய வாக்கெடுப்பு.

அங்கேதான் தீ பற்றியது. ஹன்னோவர் 96 கிளப்பின் நிறுவனத்தை நடத்தியவர் மார்ட்டின் கிண்ட். எதிர்த்து வாக்களிக்கும்படி தாய்ச் சங்கம் அவருக்கு உத்தரவிட்டிருந்தது. அவர் ஆதரித்து வாக்களித்தார் என்ற சந்தேகம் பரவியது. அப்படியானால் 50+1 விதியே அந்த ஒரு வாக்கில் மீறப்பட்டதாகிவிடும். வாரக் கணக்கில் எல்லா மைதானங்களிலும் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும், தங்கக் காசு வடிவச் சாக்லேட்களையும் எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். புகை கக்கும் ரிமோட் கார்கள்கூடக் களத்தில் ஓடின. ஆள் உள்ளே இறங்கினால் தண்டனை கடுமை. கார் ஓடினால் பிடிப்பது நடுவரின் தலைவலி. 2024 பிப்ரவரி 21 அன்று டிஎஃப்எல் திட்டத்தைக் கைவிட்டது.

இவ்வளவு ஜனநாயகம் இருந்தும் பேயர்ன் மட்டுமே ஏன் ஜெயிக்கிறது?

நியாயமான கேள்வி. 50+1 விதியின் ஆதரவாளர்கள் தடுமாறுவதும் இங்கேதான். 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 பட்டங்கள். 2025 பட்டத்தையும் சேர்த்து மொத்தம் 34. அடுத்த இடத்தில் நியூரம்பெர்க், ஒன்பது.

காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாம்பியன்ஸ் லீக் பணம் ஒவ்வொரு வருடமும் அதே கிளப்புக்குப் போகிறது. மியூனிக் பணக்கார நகரம்; பெரிய நிறுவனங்கள் அங்கேயே இருக்கின்றன. போட்டி அணிகளின் சிறந்த வீரர்களை பேயர்ன் வாங்கிவிடுகிறது. லெவண்டோவ்ஸ்கி டார்ட்மண்டிலிருந்து 2014இல் ஒப்பந்தம் முடிந்து இலவசமாகவே போனார். வெளி முதலீட்டாளர் வர முடியாததால் திடீரென்று ஒரு புதுப் பணக்காரக் கிளப் எழுந்து பேயர்னை முந்தவும் முடியாது. அதாவது, விதி சமத்துவத்துக்காகப் போடப்பட்டதல்ல. கிளப்பை யாரும் விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகப் போடப்பட்டது. அந்த வேலையை அது செய்கிறது. இதைப் போட்டியின் மருந்தாக விற்பவர்கள்தான் தவறாகச் சொல்கிறார்கள்.

சங்கிலியை அறுத்தது லெவர்குசன். ஸாபி அலோன்ஸோ பயிற்சியில் 2023–24 சீசனில் 28 வெற்றி, 6 டிரா, ஒரு தோல்வியும் இல்லை, 90 புள்ளிகள். அந்தக் கிளப்பின் முதல் லீக் பட்டம் அது. அறுத்தவர் விதிவிலக்கு வாங்கிய கிளப் என்பதை பேயர்ன் ரசிகர்கள் மறக்காமல் சொல்லிக் காட்டுவார்கள்.

கிழக்கு ஜெர்மனியின் பழைய கிளப்புகள் எங்கே போயின?

பிரிந்திருந்த காலத்தில் கிழக்கில் தனி லீக் நடந்தது. 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்துப் பட்டங்களை பெர்லினின் பிஎஃப்சி டைனமோ வென்றது. ரகசியப் போலீஸ் தலைவர் எரிஷ் மீல்க அந்தக் கிளப்பின் புரவலர். நடுவர்களின் விசில் யார் பக்கம் ஊதும் என்று ஊருக்கே தெரியும். மாக்டபெர்க் மட்டும் 1974இல் ஏசி மிலானை 2–0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை ஒன்றைத் தூக்கியது.

1991இல் இரு லீக்குகளும் இணைந்தபோது புண்டஸ்லிகாவில் கிழக்குக்குக் கிடைத்த இடங்கள் இரண்டு: ஹன்சா ரோஸ்டாக், டைனமோ டிரெஸ்டன். நல்ல வீரர்களை மேற்குக் கிளப்புகள் அள்ளிக்கொண்டு போயின. தாங்கி நின்ற அரசு ஆலைகள் மூடப்பட்டன. பத்துப் பட்டம் வென்ற பிஎஃப்சி டைனமோ இன்று நான்காம் அடுக்கில்.

யூனியன் பெர்லின் கதை வேறு. பணமில்லாமல் தவித்த 2004இல் ரசிகர்கள் ரத்ததானம் செய்து, அதற்குக் கிடைத்த காசைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். 2008–09இல் மைதானத்தைப் புதுப்பிக்கப் பணமில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் தாங்களே சிமெண்ட் குழைத்துப் படிகளைக் கட்டினார்கள். 2019இல் புண்டஸ்லிகா, 2023இல் சாம்பியன்ஸ் லீக். 22,012 பேர் கொள்ளும் அந்த மைதானத்தில் நாற்காலிகள் நான்காயிரம்கூட இல்லை; மற்ற எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

பெரிய பெயர்கள் சில கீழ் லீக்கில் இருக்கின்றனவே?

பெயருக்கு அங்கே சலுகை கிடையாது. நியூரம்பெர்க் 1968இல் சாம்பியன், 1969இல் இறங்கியது. நடப்புச் சாம்பியன் இறங்கியது அந்த ஒருமுறைதான். ஹாம்பர்க் ஒருபோதும் இறங்காத கிளப் என்று மைதானத்தில் கடிகாரமே மாட்டி வைத்திருந்தது. 2018இல் இறங்கியது, திரும்ப ஏழு வருடங்கள் ஆயின. 2023இல் நேரடி உயர்வு கிடைத்துவிட்டதாக நினைத்து அவர்கள் ரசிகர்கள் களத்தில் இறங்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, வேறொரு ஊரில் ஹைடன்ஹைம் 93, 99ஆம் நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து அந்த இடத்தைப் பறித்தது. சுரங்கத் தொழிலாளர் கிளப்பான ஷால்க 2021, 2023 என இருமுறை இறங்கியது.

1860 மியூனிக்குக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 2017இல் இரண்டாம் புண்டஸ்லிகாவிலிருந்து இறங்கியபோது, மூன்றாம் லிகாவின் உரிமத்துக்குத் தேவையான பணத்தை ஜோர்டான் முதலீட்டாளர் ஹசன் இஸ்மாய்க் தரவில்லை. அணி ஒரே வீழ்ச்சியில் நான்காம் அடுக்குக்குப் போனது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் கணக்கைக் காட்டி உரிமம் வாங்க வேண்டும். ஆடி ஜெயித்தால் மட்டும் போதாது.

வரலாற்றிலேயே மோசமான அணி எது?

தயங்காமல் சொல்லலாம்: டாஸ்மானியா 1900 பெர்லின். 1965இல் விதியை மீறி வீரர்களுக்குப் பணம் கொடுத்த பெர்லின் கிளப் ஹெர்த்தா வெளியேற்றப்பட்டது. பெர்லினுக்கு ஒரு அணி வேண்டும் என்ற அரசியல் காரணத்தால் கடைசி நேரத்தில் டாஸ்மானியாவைச் சேர்த்தார்கள். வீரர்கள் சிலர் விடுமுறையிலிருந்து ஓடி வந்தார்கள். 34 ஆட்டங்களில் 2 வெற்றி, 28 தோல்வி. அடித்தது 15, வாங்கியது 108. ஒரு குறிப்பிட்ட ஆட்டத்துக்கு வந்த பார்வையாளர்கள் வெறும் 827 பேர். தொடர்ந்து 31 ஆட்டங்கள் வெற்றியே இல்லை என்ற சாதனை இன்னும் அவர்களுடையது. 2021 ஜனவரியில் ஷால்க 30 ஆட்டங்கள் வரை நெருங்கி வந்து, ஹோஃபன்ஹைமை 4–0 என்று வென்றதால் தப்பித்தது. சாதனை பறிபோகாததில் டாஸ்மானியா ரசிகர்களுக்கு அப்படி ஒரு நிம்மதி.

பேயர்ன் இரண்டாம் அணி மூன்றாம் லிகாவை வென்றும் ஏன் ஏறவில்லை?

ரிசர்வ் அணிகள் மூன்றாம் லிகாவுக்கு மேல் போகக் கூடாது. 2020இல் அவர்கள் கோப்பையை வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தார்கள்.

டிக்கெட் உண்மையிலேயே மலிவா?

நிற்கும் இடங்கள் மலிவு, அதை ரசிகர்கள் போராடித்தான் காப்பாற்றியிருக்கிறார்கள். டார்ட்மண்டின் தெற்குப் பக்கத்தில் மட்டும் சுமார் 25,000 பேர் நிற்கலாம். மொத்தக் கொள்ளளவு 81,365. பல கிளப்புகளில் ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் அன்று நகரப் பேருந்து, ரயிலிலும் போய்வரலாம்.

கோப்பைப் போட்டியில் சின்ன அணிகளுக்கு வாய்ப்பு உண்டா?

64 அணிகள், எல்லாச் சுற்றிலும் ஒரே ஆட்டம், முதல் சுற்றில் சிறிய அணிக்கு உள்ளூர் மைதானம். 2025இல் மூன்றாம் லிகாவின் பீலஃபெல்ட் அரையிறுதியில் லெவர்குசனை 2–1 என்று வீழ்த்தி, பெர்லின் இறுதிவரை போனது. அங்கே ஷ்டுட்கார்ட்டிடம் 4–2 என்று தோற்றது.

பெண்கள் லீக்?

1955 முதல் 1970 வரை பெண்கள் கால்பந்தையே டிஎஃப்பி தடை செய்திருந்தது. பெண்கள் புண்டஸ்லிகா 1990இல் தொடங்கியது. 2025–26 முதல் 14 அணிகள்.

இந்தியாவிலிருந்து பார்க்க எது நல்ல நேரம்?

சனிக்கிழமை பிற்பகல் ஆட்டங்கள் அங்கே 3.30க்கு. நமக்குக் கோடையில் மாலை 7, குளிர்காலத்தில் இரவு 8. பிரீமியர் லீக்போலத் தூக்கத்தைக் கெடுக்காது.

ஒரே ஒரு நாள்தான் பார்க்க முடியும் என்றால், மே மாதக் கடைசிச் சுற்றைப் பாருங்கள். ஒன்பது ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். 2001 மே 19 அன்று ஷால்க தன் ஆட்டத்தை 5–3 என்று முடித்துவிட்டு, பேயர்ன் தோற்றதாக நம்பிப் பட்டத்தைக் கொண்டாடியது. நான்கு நிமிடங்கள். ஹாம்பர்க்கில் ஆட்டம் முடிந்திருக்கவில்லை. பேயர்னின் ஆண்டர்சன் கடைசி நொடியில் 1–1 ஆக்கினார். 2023இல் டார்ட்மண்டுக்கு மைன்ஸுடன் ஒரு வெற்றி போதும். 2–2 டிரா ஆனது. கொலோனில் முசியாலா 89ஆம் நிமிடத்தில் அடித்த கோலால் பேயர்ன் கோல் வித்தியாசத்தில் பட்டத்தை எடுத்துக்கொண்டது. கடைசிச் சுற்று நமக்கு மாலை 7 மணிக்குத் தொடங்கும். எல்லா ஆட்டங்களுக்கும் மாறி மாறிப் போகும் ஒளிபரப்பு கிடைத்தால் அதையே வையுங்கள்.